இரண்டு வீட்டுக்காரிகள்

ஸன்ஸ்கார், லடாக்
9 ஜூன் 2024

அன்பு எலைனுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். லே நகரிலிருந்து ஜீப்பில் இரண்டு நாள் பயணம். பாதி வழிக்கு மேல் மரமே கிடையாது. தேயிலை மலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. இப்போது இந்த வெறும் மலைதான் பிடித்திருக்கிறது. காலையில் ஒரு நிறம், வெயில் சாயும்போது வேறு நிறம்.

பதும் டவுனைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஹோட்டல் கிடையாது. யாங்டோல் என்ற பெண்மணியின் வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். உன் வயதுதான் இருக்கும், புருஷன் இல்லை. டீயில் உப்பும் வெண்ணெயும் போட்டுத் தருகிறாள். காலமெல்லாம் டீ ஃபாக்டரியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனுக்கு அது டீயாகவே தெரியவில்லை. ஆனாலும் பழகிவிட்டது. காலையில் ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கி வருகிறேன். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைக்கிறேன். நம்புவாயா?

மேலே மடத்தில் ஒரு பிக்கு இருக்கிறார். எதையும் என்னுடையது என்று பிடித்துக்கொள்ளாதே என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனசு லேசாக இருக்கிறது.

யாங்டோல் ஜீப் டிரைவர் மூலம் உன்னைப் பற்றி விசாரித்தாள். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, பயணம் பிடிக்காது என்று சொல்லி வைத்தேன்.

போனை வீட்டில் விட்டு வந்ததற்குக் கோபப்படாதே. அது கையில் இருந்தால் இப்படி மெதுவாக ஊர் பார்க்க முடியாது. குவார்ட்டர்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்டேட்டை நடத்தும் துரையிடம் பேசியாகிவிட்டது, கிறிஸ்துமஸ் வரை இருக்கலாம். கரேனுக்கு என் முத்தம்.

உன்,
கொர்னேலியஸ்

*

எஸ்டேட் குவார்ட்டர்ஸ்
கேமரன் மலை, மலேசியா
2 ஜூலை 2024

கரேன் அப்பாவுக்கு எலைன் எழுதுவது,

மாதா அருளால் நானும் கரேனும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். உடனே எழுதினால் வாய்க்கு வந்தபடி எழுதிவிடுவேன் என்று பயம்.

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதா? நான் இந்த மலையில் பிறந்தவள். பனியில் கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு கொழுந்து பறித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். ஜனவரியில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு "வெந்நீர் வை" என்பது யார்? எனக்குப் பயணம் பிடிக்காதா? லடாக் என்ற பேரையே இந்த வீட்டில் முதலில் சொன்னது நான். பல் டாக்டர் கிளினிக்கில் கிடந்த புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்து, நாம் இருவரும் ஒரு தடவை போக வேண்டும் என்று எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். "நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வரேன், அப்புறம் ரெண்டு பேரும் போலாம்" என்றீர்கள். சரி என்றேன். இப்போது ஊரெல்லாம் எனக்குப் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பாத்திரம் கழுவுகிறீர்களாம். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வராத நாளில் கீழே பைப்படியிலிருந்து வாளி தூக்கியது நானும் கரேனும்.

பிக்குவிடம் ஒன்று கேளுங்கள். என்னுடையது என்று பிடித்துக்கொள்ளாதே என்கிறாரே, எதைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது? குவார்ட்டர்ஸ் எஸ்டேட்டுடையது. காம்பவுண்டில் நான் வைத்த பேரிக்காய் மரமும் எஸ்டேட்டுடையதாம். நேற்று நோட்டீஸ் வந்தது. நீங்கள் ரிட்டயர் ஆனதால் செப்டம்பர் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரை என்று எந்தத் துரையிடம் பேசினீர்கள்?

உடனே பதில் போடுங்கள். முடிந்தால் கிளம்பி வாருங்கள்.

உங்கள்,
எலைன்

*

ஸன்ஸ்கார்
24 ஜூலை 2024

அன்பு எலைனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று நினைக்கவில்லை. பேச்சுக்குச் சொன்னதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டாய்.

இங்கே போன வாரம் மடத்தில் திருவிழா. பிக்குகள் முகமூடி போட்டு ஆடினார்கள். ஊரே வெயிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. நீ பார்த்திருந்தால் உன் கோபமெல்லாம் போயிருக்கும். பார்லி இன்னும் பச்சைதான். அறுப்பு முடிந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறேன். ஒரு பருவம் முழுக்க இருந்தால்தானே ஓர் ஊரைப் பார்த்ததாகும்.

யாங்டோலிடம் நீ ஒன்று கற்றுக்கொள்ளலாம். விடியுமுன் எழுந்து மாடு, வயல், சமையல் எல்லாம் ஒருத்தியே பார்க்கிறாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னைப் பார்த்தால் சிரித்தபடியே இருக்கிறாள்.

துரையிடம் ஜாடையாகச் சொல்லியிருந்தேன். நீயே ஒரு தடவை ஆபீசுக்குப் போய்ப் பேசு. நீ பேசினால் கேட்பார்.

உன்,
கொர்னேலியஸ்

*

எஸ்டேட் குவார்ட்டர்ஸ்
15 ஆகஸ்டு 2024

கரேன் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி ஆபீசுக்குப் போனேன். புதுத் துரை ஜெகதீஸ்வரன் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கரேன் வயதுதான் இருக்கும்.

"அங்கிள் என்கிட்ட ஒண்ணுமே பேசலையே, ஆன்ட்டி" என்றார். "ரூல்ஸ் அப்படி லா. நான் என்ன செய்றது?"

பிறகு ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். நம் குவார்ட்டர்ஸ் வரிசைதான். வெள்ளையடித்து, வாசலில் பூத்தொட்டி வைத்து வரைந்திருந்தது. அதை ஹோம்ஸ்டேயாக மாற்றப் போகிறார்களாம். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து, ஒரு வாரம் பத்து நாள் தங்கி, எஸ்டேட் வாழ்க்கையை மெதுவாக அனுபவித்துவிட்டுப் போவார்களாம்.

"உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு ஆன்ட்டி. உங்க அடுப்படியிலேயே தோசை சுட்டுக் கொடுங்க. சேலை கட்டிட்டு, நாலு வார்த்தை பழைய கதை பேசுங்க. டூரிஸ்டுக்கு அதான் பிடிக்கும்."

"ராத்திரி நான் எங்க தூங்குறது?" என்று கேட்டேன்.

"அது நீங்கதான் வெளியே பாத்துக்கணும்."

என் வீட்டிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டு, அதே அடுப்படியில் வீட்டுக்காரி மாதிரி நிற்கச் சொல்கிறார். வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவர்கள் ஊருக்குப் போய், அந்த அம்மா முகம் சுளித்ததே இல்லை என்று கடிதம் எழுதுவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் உங்கள் யாங்டோலைத்தான் நினைத்தேன். அந்த வீடு யாருடையது? நீங்கள் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? அவள் எங்கே தூங்குகிறாள்? இரண்டு மாதமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறீர்கள், இதையெல்லாம் கேட்டீர்களா? கேட்டு எழுதுங்கள். மடத்துத் திருவிழாவைப் பற்றி எழுத வேண்டாம்.

எலைன்

*

ஸன்ஸ்கார்
6 செப்டம்பர் 2024

அன்பு எலைனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். யாங்டோலுக்கு நாலைந்து ஆங்கில வார்த்தைதான் தெரியும். அதனால் தபால் கொண்டுவந்த ஜீப் டிரைவரை வைத்துப் பேசினேன். அவன் திருப்பித் திருப்பிக் கேட்ட பிறகு சொன்னாள்.

வீடு அவள் கொழுந்தனுடையது. அவன் லேயில் இருக்கிறான். நான் கொடுக்கும் பணம், அறையைப் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் வழியாக அவனுக்குப் போகிறது. இவளுக்குச் சாப்பாடும், வருடத்துக்கு ஒருமுறை துணியும். நான் தூங்கும் அறை அவளுடையது. விருந்தாளி வந்தால் அவள் கீழே தொழுவத்தை ஒட்டிய இடத்தில், மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். நான் வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

நான் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறேன், நீ மேலே போ என்று அன்றைக்கே சொன்னேன். அவள் பதறிவிட்டாள். ஏஜெண்டுக்குத் தெரிந்தால் விருந்தாளியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கொழுந்தன் துரத்திவிடுவானாம். "ப்ளீஸ், ஸ்லீப்" என்று என்னையே கெஞ்சினாள். அப்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. இப்போது அதைப் பார்க்க முடியவில்லை. இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். விமானம் அக்டோபர் கடைசியில்தான், அதுவரை லேயில் முன்பு இறங்கிய விடுதியில் இருப்பேன். அங்கே அந்தக் கொழுந்தனைப் பார்த்து நாலு கேள்வி கேட்கப் போகிறேன்.

எலைன், ஒன்று யோசித்தேன். ஜெகதீஸ்வரன் சொன்னதை நீ ஒப்புக்கொள். தெரியாதவர்கள் கையில் போவதைவிட, நம் வீட்டை நாமே பார்த்துக்கொள்வது நல்லதுதானே. நீ சமையலைக் கவனி, நான் விருந்தாளிகளுக்கு ஃபாக்டரியைச் சுற்றிக் காட்டுகிறேன். விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், அதை அவர்களுக்கும் சொல்வேன். நான் வரும்வரை எதையும் முடிவு செய்துவிடாதே.

உன்,
கொர்னேலியஸ்

*

ரிங்லெட்
27 செப்டம்பர் 2024

கொர்னேலியஸ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை லேயில் நீங்கள் இறங்கும் விடுதிக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. போன வாரமே சாவியைக் கொடுத்துவிட்டேன். "அங்கிள்தான் சைன் வைக்கணும்" என்றார் ஜெகதீஸ்வரன். "இத்தனை வருசம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குனது நான், நான்தான் வப்பேன்" என்றேன். பேனாவை நீட்டினார். வேலைக்கு வர முடியாது என்றும் சொல்லிவிட்டேன். இன்னொரு ஆளைப் பார்க்கிறார்களாம். யாரை வைத்தாலும் அவளுக்கு அங்கேயே ஓர் அறை கொடுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் மகன் லோரியோடு வந்தான். பாத்திரம், கட்டில், மாதா படம், உங்கள் துணிப்பெட்டி எல்லாம் ஏற்றினோம். பேரி மரத்தை விட்டுவிட்டு வந்தேன். ரிங்லெட் டவுனில் காய்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறை. வாடகைச் சீட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. கீழே கடையிலேயே காலையில் வேலை. கரேன் லீவு போட்டு வந்து ஒரு வாரம் கூட இருந்துவிட்டுப் போனாள்.

யாங்டோலுக்காக நீங்கள் தூங்காமல் கிடப்பதைப் படித்தேன். நல்லது. அதே கடிதத்தில், அவள் நிற்கும் இடத்தில் என்னைப் போய் நிற்கச் சொல்கிறீர்கள். அதை எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்கியதா என்று தெரியவில்லை. நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தயங்கின மாதிரி ஓர் இடமும் தென்படவில்லை.

லேயில் அந்த மனிதரிடம் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், திட்டு வாங்கப் போவது அவள். கையில் இருப்பதை டிரைவரிடம் கொடுத்து, அவளிடமே நேராகச் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

உங்கள் துணிப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. ஓர் அறையில் நான் தூங்குகிறேன். இன்னொன்றில் இப்போதைக்கு யாரும் இல்லை. நீங்கள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எத்தனை நாள் தங்குவீர்கள் என்றும் எழுதுங்கள். யோசித்துப் பதில் போடுகிறேன்.

எலைன்