பைனான்ஸ் வண்டி

இன்று காலை உங்கள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். உள்ளே இன்னும் உங்கள் தலை வாசனைதான். தேங்காய் எண்ணெய், வேர்வை, வெயிலில் காய்ந்த ஸ்பாஞ்சு எல்லாம் கலந்த அந்த நெடி. இதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இன்று அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "லேட்டாவுதும்மா" என்று பாப்பா வாசலிலிருந்து கத்திய பிறகுதான் உங்கள் வண்டிச் சாவியை எடுத்தேன்.

நாளை சாயங்காலத்துக்குள் சென்னைக் கல்லூரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இங்கே ராஜபாளையம் பக்கத்துக் கல்லூரியிலும் இடம் தயாராக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் போய் வந்துவிடலாம். இரண்டிலும் பி.காம்தான். பணத்தை என் அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், அதை நினைத்து நீங்கள் கலங்க வேண்டாம். எனக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. தப்பான இடத்தில் சேர்த்துவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை அல்லவா திசை மாறும்? என்னைத் திட்டுவதற்குக்கூட நீங்கள் இல்லை.

அவள் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்த புதிதில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே, "நான் பைனான்ஸ்லதான் வேலைக்குப் போவேன்" என்று சொன்னாளே, நினைவிருக்கிறதா? ரசத்தைப் பிசைந்த உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. வண்டிக் கடனுக்குத் தவணை வசூலிக்கிற வேலை உங்களுக்கு. ராஜபாளையம், சோழபுரம், வத்திராயிருப்பு, ஆலங்குளம் என்று உங்கள் வசூல் லைன் நீண்டு கிடந்தது. எந்தத் தெருவிலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. வண்டிச் சத்தம் கேட்டதும், "ஏலே, பைனான்ஸ் வருதான்!" என்று ஒரு குரல் கிளம்பும். கதவுகள் சாத்திக்கொள்ளும். நம் பக்கத்தில் பைனான்ஸ் என்றால் அதுதானே?

"ஏட்டி, ஒங்கப்பன் வாங்குன பேச்சு பத்தாதா? பொம்பளப்பிள்ள நீயும் வீடு வீடாப் போயி வண்டியப் புடுங்கப் போறியா?"

பாப்பாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டினேன். "அய்யோ அப்பா, அது இல்ல. ஒரு கம்பெனியோட கணக்கப் பாத்து, இது தேறுமா தேறாதான்னு சொல்லணும். எதுல பணத்தப் போடலாம்னு பாக்கணும். ஏசி ரூம்ல ஒக்காந்து செய்யிற வேல."

"தேறுமா தேறாதான்னுதான நானும் பாக்கேன்? எனக்கு ஏசி இல்ல, அம்புட்டுதான்" என்றீர்கள். மறுநாளே டீக்கடையில் மகள் பைனான்ஸ் படிக்கப் போகிறாள் என்று பெருமையடித்துவிட்டு, முகம் சிவந்து திரும்பி வந்தீர்கள். "பிள்ளைய ஏன்யா கலெக்‌ஷனுக்கு விடுதன்னு கேக்கானுவ. வெளங்காத பயலுவ!" என்று நீங்கள் குதித்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முந்தின நாள் நீங்கள் கேட்டதும் அதுதானே!

ஒரு ஆள் தேறுவானா என்று அவனிடமே கேட்கக் கூடாது என்பீர்கள். "எதுத்த கடையில கேளு. அவனுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்ல." என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த அரிசிக் கடையில் போய் நின்ற ஆள்தானே நீங்கள்! "பிள்ள தங்கம். ஆனா வாயக் குடுத்துத் தப்பிக்க முடியாது" என்று கடைக்காரர் சொன்னாராம். தெரிந்தே வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

போன வாரம் சென்னைக்கு நேர்காணலுக்குப் போனபோது அதைத்தான் செய்தேன். கல்லூரிக்கு எதிரே ஜூஸ் கடை. அங்கே படிக்கிற சங்கரன்கோவில் பிள்ளை ஒருத்தி நின்றிருந்தாள். "காலையில காலேஜ்க்கா. மத்தியானத்துக்கு மேல சி.ஏ. கோச்சிங். எங்க சீனியர் அக்காமாரெல்லாம் பெரிய பெரிய கம்பெனியில கணக்கு ஆராயுற வேலையில இருக்காக. நல்லாப் பிழிஞ்சு எடுப்பாக" என்றாள். ஊருக்கு எப்போது போவாய் என்று கேட்டேன். "போயி ரொம்ப நாளாச்சு" என்றபோது அந்தப் பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது. ஜூஸை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அதனால் இன்று இங்கே உள்ள கல்லூரியைப் பார்க்கக் கிளம்பும்போது என் மனசு என்ன நினைத்தது தெரியுமா? பக்கத்துக் கல்லூரியே உசத்தி என்று எதிர்க் கடையில் யாராவது சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் சாயங்காலம் ஆனால் பிள்ளை வீட்டில் இருப்பாள். நேற்று அவளும், "இங்கயே சேருதேம்மா. ஒன்னத் தனியா விட்டுட்டு எங்க போக?" என்றாள். "எனக்கென்ன கேடு, நீ ஒன் சோலியப் பாரு" என்று அதட்டினேன். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று.

கல்லூரி வாசலில் பெரிய பேனர், நிதித்துறையில் உறுதியான வேலைவாய்ப்பு என்று. உள்ளே பேராசிரியை தன்மையாகப் பேசினார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. வெளியே வந்ததும் பாப்பாவை வண்டியருகே நிற்கச் சொல்லிவிட்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைசி வருஷப் பிள்ளை ஒருத்தி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிச்சு முடிச்சா வேல கெடைக்குதாம்மா?"

"கெடைக்கும்க்கா. எனக்கே கெடச்சிருச்சு. பைனான்ஸ் கம்பெனியில."

"அங்க என்ன வேல?"

"கலெக்‌ஷன்க்கா. தவணை கட்டாதவுகளுக்குப் போன் போடணும். எங்க கிளாஸ்ல முக்காவாசிப் பேருக்கு அதான்."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். "நல்லா இருத்தா" என்று கன்னத்தைத் தொட்டேன். அந்த வேலையைக் குறை சொல்ல நான் யார்? அதில்தானே நம் வீட்டு அடுப்பு எரிந்தது! ஆனால் நம் பிள்ளை ஆசைப்பட்டது அது இல்லையே. ரோட்டைக் கடந்து வண்டிக்கு வந்தேன்.

"என்னம்மா சொன்னாக?" என்றாள் பாப்பா. 'நல்லாத்தான் இருக்காம்' என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று ஹெல்மெட்டை மாட்டினேன். மாட்டினால் அதே எண்ணெய், அதே வேர்வை. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்ல?

"சென்னைக்கே போ."

"நீ தனியா..."

"ஏட்டி, இந்தக் குடும்பத்துல கலெக்‌ஷனுக்கு ஒங்கப்பா ஒருத்தரு போதும். ஏறு வண்டியில."

அவள் பின்னால் ஏறி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

வரும் வழியில் உங்கள் பழைய லைனில் இருக்கிற பஞ்சர் கடை வந்தது. டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த ஆள் நம் வண்டிச் சத்தம் கேட்டு, தலையைத் தூக்காமலே, "ஏலே, பைனான்ஸ் வருதான்!" என்றார். பழக்கம். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். கையிலிருந்த டியூப் நழுவிவிட்டது. பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

பின்னாலிருந்து பாப்பா கத்தினாள்: "ஆமா மாமா, பைனான்ஸ்தான் போறேன்!"

வீடு வரும் வரை ஹெல்மெட்டின் கண்ணாடியை நான் தூக்கவே இல்லை. சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது அவள் உள்ளே பெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். சாப்பாடு எப்படியோ, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்களோ. சென்னையில் அவள் தங்கப் போகிற ஹாஸ்டலுக்கு எதிரே கடை ஏதும் இருக்கிறதா என்றும் கவனிக்காமல் வந்துவிட்டேன். சேர்க்கப் போகும்போது முதலில் அங்கே போய்த்தான் நிற்பேன்.