சந்தனம் வைத்த ஏ.டி.எம். கார்டு

திண்டிவனம்
11.6.2012

அஸ்வினி அப்பாவுக்கு,

பரிமளா எழுதுகிறேன். மாசி மகத்தன்று இரும்பை ஊர்க் கோயிலில், உங்கள் அண்ணன் குடும்பம் மொத்தமும் நிற்க, "நீங்களா வந்து கதவைத் தட்டுற வரைக்கும் உங்க கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்துக்குச் சாமி கோபித்துக்கொள்ளாது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் வானூர் பஸ் ஏறும்போது எவனோ ஒரு பாவி என் பையில் பிளேடு போட்டுவிட்டான். பர்ஸ் போய்விட்டது. உள்ளே நூற்றிருபது ரூபாய், அஸ்வினி போட்டோ, நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற கணக்கின் ஏ.டி.எம். கார்டு. பஸ் ஊரைத் தாண்டிய பிறகு டிக்கெட் எடுக்கும்போதுதான் தெரிந்தது. அந்தக் கண்டக்டர் தங்கமான மனுஷன். "ஜல்தியா பேங்குக்குப் போம்மா" என்று விசில் அடித்து இறக்கிவிட்டார். எல்லாக் கண்டக்டரும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

வேகாத வெயிலில் நடந்து பேங்குக்குப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், சாப்பாட்டு நேரம் வந்து போனது, அதற்கப்புறம்தான் கார்டை நிறுத்தினார்கள். பாஸ்புக்கில் பதிந்து பார்த்தால் இருபத்தைந்தாயிரம் காணோம். பன்னிரண்டு பத்து மணிக்குப் பதினைந்தாயிரம், ஒன்று ஐந்துக்குப் பத்தாயிரம். அத்தனையும் அஸ்வினி நர்சிங் படிப்பின் இரண்டாம் வருஷப் பீஸ். எடுத்த இடம் விழுப்புரம்.

செல்வகுமார் என்று ஒரு சின்ன வயசு ஆபீசர். "நெம்பர் கரெக்டா போட்டு எடுத்திருக்காங்கம்மா. நெம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார். எனக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் என்றேன். "சார் எங்க இருக்காரு?" விழுப்புரத்தில், அவர் அண்ணன் வீட்டில் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். நீங்கள் கண்டக்டராகப் போவது விழுப்புரம் திண்டிவனம் லைன். திருடியவன் பர்ஸை உங்கள் பஸ்ஸில் போட்டுவிட்டுப் போய், அது உங்கள் கையில் கிடைத்து, என் மேலிருக்கிற கோபத்தில் நீங்கள் எடுத்தீர்களா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நம்புகிறேன்.

பரிமளா


விழுப்புரம்
14.6.2012

பரிமளாவுக்கு,

உன் கடிதத்தை டெப்போவில் நின்றுகொண்டே படித்தேன். வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை.

இருபத்தொரு வருஷ சர்வீஸ். பயணி விட்டுவிட்டுப் போன மூக்குத்தி, ஒரு மூட்டை உரிக்காத மல்லாட்டை, ஒரு தடவை ஒரு பெரியவரின் பல்செட், எல்லாவற்றையும் டெப்போவில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியவன் நான். பெற்ற பெண்ணின் பீஸ் பணத்தை எடுப்பேனா? இல்லை. நீ கேட்ட ஒரு வார்த்தை. போதுமா?

போதாது என்றால் இன்னொன்று. அன்று பன்னிரண்டு பத்துக்கு நான் விக்கிரவாண்டியில் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கெடார் ஊர்க்காரர் ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இது என் புள்ள மாதிரிங்க, இதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்று சண்டை. கடைசியில் அரை டிக்கெட் போட்டேன். டிக்கெட் மிஷினில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது, அதன் நகல் இத்துடன். உன் ஆபீசரிடம் காட்டு.

பணம் எடுத்த ஏ.டி.எம். இங்கே புது பஸ் ஸ்டாண்ட் பக்கம். அதில் கேமரா இருக்கும். அந்தக் கிளைக்கு நானே போகிறேன். உனக்காக இல்லை, அஸ்வினிக்காக.

விருத்தாசலம்

பின்குறிப்பு: பிளேடு என்று எழுதியிருக்கிறாய். கையில் கிழியவில்லையே? டி.டி. ஊசி போட்டாயா?


திண்டிவனம்
18.6.2012

அஸ்வினி அப்பாவுக்கு,

கையில் ஒரு கீறல்கூட இல்லை. புடவைத் தலைப்பு மட்டும் நாலு விரல் கிழிந்தது, தைத்துவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எழுதித் தபால் பெட்டியில் போட்ட நிமிஷமே கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாமா என்றிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டி விஷயத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சத்துணவுக் கூடத்தில் என்னோடு சமைக்கிற கிளியம்மாள், "இன்னாக்கா, அடுப்பப் பார்த்துச் சிரிச்சிக்கினு கீற?" என்று கேட்டாள்.

பேங்குக்கு இதுவரை ஐந்து தடவை போய்விட்டேன். முதல் நாள் சிஸ்டம் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் போலீஸ் ரசீது கேட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் பேங்க் கடிதம் கேட்டார்கள். பேங்க் கடிதத்துக்குப் போலீஸ் ரசீது வேண்டுமாம். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடந்து ஒரு ஜோடி செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் செல்வகுமார் தம்பியே மனம் இரங்கி என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து ரசீது வாங்கிக் கொடுத்தார்.

அவர் சொல்வது இது. நாம் புகார் சொல்வதற்கு முன்னால் போன பணம் நம் தலையில், எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை என்றால் மட்டும் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாமாம். சொன்ன பிறகு போனது பேங்க் தலையில். ஆனால் நான் புகார் சொன்ன நேரம் இரண்டே முக்கால் என்று அவர்கள் நோட்டில் இருக்கிறது. "நான் பன்னண்டரைக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தனேப்பா" என்றால், "அதுக்கு ப்ரூஃப் வேணும்மா" என்கிறார்.

இத்துடன் பேங்க் பாரம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறாவது கேள்வி, "ரகசிய எண்ணை எங்காவது எழுதி வைத்திருந்தீர்களா?" நான் எங்கே எழுதினேன், இல்லை என்று போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

உங்கள் அண்ணி ஜெயம் அக்கா குழம்பில் இன்னும் புளி போட மறக்கிறாரா?

பரிமளா


விழுப்புரம்
27.6.2012

பரிமளாவுக்கு,

இதைக் கோபப்படாமல் படி. உட்கார்ந்து படி.

பத்து நாள் அலைந்து, ஏட்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், நேற்று கேமராப் படம் பார்த்தோம். இந்த வெயிலில் ஒருத்தன் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறான். மூஞ்சி தெரியவில்லை. கார்டைச் செருகுகிறான். அப்புறம் கார்டின் காகிதக் கவரைப் பிரித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படிக்கிறான். படித்துப் படித்து ஒவ்வொரு எண்ணாக அமுக்குகிறான்.

அந்தக் கவருக்குள் எழுதியவன் நான்.

போன ஆயுத பூஜைக்கு என் டிக்கெட் மிஷின், விசில், உன் அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன் அல்லவா? அதோடு கார்டையும் வைத்தேன். "அதுல பூசாதீங்க, மிஷின்ல சிக்கிக்கும்" என்று நீ கத்தினாய். சரியென்று கவருக்கு வைத்தேன். புது நோட்டுக்குப் போடுவதுபோல் கவரின் உள்பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, கீழே லாபம் என்று எழுதி, அதற்கும் கீழே நாலு எண்ணையும் எழுதிவிட்டேன். அதற்கு முந்தைய மாசம்தான் நீ எண்ணை மறந்துபோய் மூன்று தடவை தப்பாகப் போட்டு, கார்டு முடங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாய். இனிமேல் நீ அழக் கூடாது என்று எழுதினேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அண்ணன், "பதினஞ்சாயிரம் பூடும்டா. பேசாம கையெழுத்தப் போட்டு அனுப்பு, யாரு பார்க்கப் போறாங்க?" என்றார். எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கு அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால் பொய் சொன்னதாக மாட்டுவது நீ. அதனால் நீ எழுதிய "இல்லை"யை அடித்துவிட்டு "ஆம்" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தனித்தாளில் ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. "தவறு என்னுடையது. என் மனைவிக்கு இது தெரியாது. அவள்மீது எந்தக் குற்றமும் இல்லை."

பதினைந்து போனது போனதுதான். அந்தப் பத்தையாவது விடக் கூடாது. அடுக்களை ஆணியில் கரண்ட் பில், கேஸ் பில் எல்லாம் குத்தி ஒரு கம்பி தொங்குகிறதே, குப்பை குப்பை என்று நான் கேலி செய்வேனே, அதைப் பார். நீ எதையும் தூக்கிப் போடமாட்டாய். அன்றைய டோக்கன் அதில் இருக்கும்.

விருத்தாசலம்


திண்டிவனம்
3.7.2012

அஸ்வினி அப்பாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் நல்ல கோபம் வந்தது. பிள்ளையார் சுழி போட்டுத் திருடனுக்கு லாபம் எழுதிக் கொடுத்த மனுஷன் இந்தத் தமிழ்நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான். அப்புறம், நான் அழக் கூடாது என்று எழுதியதாகச் சொன்ன வரிக்கு வந்தேன். வந்து அழுதுவிட்டேன். எட்டு மாசம் அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஒரு தடவைகூட உள்ளே பார்க்கவில்லையே.

டோக்கன் கிடைத்துவிட்டது! கம்பியில் ரேஷன் ரசீதுக்கும் கேஸ் பில்லுக்கும் நடுவில் இருந்தது. தேதி ஜூன் எட்டு, நேரம் பன்னிரண்டு இருபத்திரண்டு. அச்சு மங்கினாலும் படிக்க முடிகிறது. செல்வகுமார் தம்பி அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே மேனேஜரிடம் ஓடினார். திரும்பி வந்து, "இத யாருமே வெச்சிருக்க மாட்டாங்கம்மா" என்றார். நான் வைத்திருப்பேன் என்றேன்.

உங்கள் வாக்குமூலத்தை அவர் இரண்டு தடவை படித்தார். "ஆறாவது கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் ஆம்னு போட்டு நான் பார்த்ததில்லம்மா. சார் நல்ல மனுஷர்" என்றார். தெரியும் என்றேன். அந்தத் தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பேங்க் சீல் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். எதற்கும்மா என்று கேட்டார். இருபத்து நாலு வருஷத்தில் "தவறு என்னுடையது" என்று எங்கள் வீட்டுக்காரர் எழுதியது இது ஒன்றுதான், எனக்கு ஆதாரம் வேண்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.

பரிமளா


விழுப்புரம்
17.7.2012

பரிமளாவுக்கு,

சொசைட்டியில் லோன் போட்டு அஸ்வினி பீஸ் முழுவதும் கட்டிவிட்டேன். ரசீது இத்துடன், கம்பிக்கு.

ஜெயம் அண்ணி இப்போது புளியை மறப்பதில்லை. உப்பை மறக்கிறார். கோயிலில் நீ சொன்னதுதான் ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "விசில் ஊதி ஊதி இவருக்குக் காதே பூடுச்சி, நான் சொல்றது எதுவும் ஏறாது" என்றாய். அண்ணன் சிரித்தார், எனக்குச் சுருக்கென்றது, கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் தினம் மூன்று நடை திண்டிவனம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு பத்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும் இறங்கி, டீ குடித்துவிட்டு, மறுபடி ஏறிவிடுகிறேன். என்ன ஜென்மமோ.

புதுக் கார்டு வந்தால் எண் என்ன என்று ஒரு வரி எழுது. கணக்கு என் பெயரிலும் இருக்கிறதே.

விருத்தாசலம்


திண்டிவனம்
20.8.2012

அஸ்வினி அப்பாவுக்கு,

பத்தாயிரம் வந்துவிட்டது! பாஸ்புக்கில் பதிந்ததை நான் மூன்று தடவை படித்தேன், கிளியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன், கேப்பைக் களி கிண்டி அவள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். பதினைந்தாயிரம் வராது என்று மேனேஜர் கடிதம் கொடுத்துவிட்டார். வருத்தம்தான். ஆனால் நீங்கள் "ஆம்" போட்டது சரி. பொய் சொல்லி வாங்கியிருந்தால் அந்தப் பணம் என் கையில் ஒட்டாது.

புதுக் கார்டும் வந்துவிட்டது. மேனேஜர் என்னை எதிரில் உட்கார வைத்து, "இந்த நெம்பர எங்கயும் எழுதக் கூடாது. கடிதாசில எழுதக் கூடாது. போன்ல சொல்லக் கூடாது. சாமிக்கு வெச்சாலும் எழுதக் கூடாது" என்று விரலை விட்டு எண்ணினார். உங்கள் வாக்குமூலம் அவர் மேஜை மேல் இருந்தது. வீட்டுக்காரருக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லித்தான் ஆகணும்னா நேர்ல, காதுல சொல்லுங்க" என்றார்.

ஆகையால் எழுதுவதற்கில்லை. பேசுவதற்கும் இல்லை. என் சத்தியம் உங்களுக்குத் தெரியும், தட்ட வேண்டிய கதவும் தெரியும். பச்சை பெயிண்ட் இப்போது கொஞ்சம் உரிந்திருக்கிறது.

நீங்கள் இல்லாமல் இந்த வீடு நன்றாகவே இல்லை. இதையும் எழுதத்தான் முடிகிறது.

பரிமளா


நம் வீட்டு வாசல்
26.8.2012, ஞாயிறு, காலை எட்டரை

பரிமளா,

இதைத் தபாலில் போடவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். இன்று எனக்கு டூட்டி இல்லை. பெட்டியோடு வந்து நாலு தடவை தட்டிவிட்டேன். நீ மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாய், ஒன்றும் உன் காதில் ஏறவில்லை. எதிர்வீட்டுப் பெரியதம்பி, "இன்னாண்ணே, சொந்த வீட்டுக்கே மனு எழுதிக்கினு கீற?" என்று கேட்கிறான். யாருக்குக் காது போய்விட்டது என்று இரும்பையில் சொன்னாய்?

மிக்ஸி நின்றுவிட்டது. மறுபடி தட்டுகிறேன், சாமிக் கணக்குக்கு இது ஐந்தாவது தடவை. வந்து திற. காதைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

விருத்தாசலம்