வாய்க்காலில் தண்ணீர் வந்ததா?

அன்பு மலர்கொடிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நேற்று எங்கள் தோஹா அறையில் சின்னக் கலாட்டா. டிவியில் ஒரு தலைவர், "கடைமடை வரைக்கும் தண்ணி பாயுது" என்றார். சீர்காழி உத்திராபதி அண்ணன் கைதட்டினார். வலங்கைமான் பரிதி சேனலை மாற்றினான். அதில் வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது.

"உங்க ஆளு புளுகுறாரு!"

"ஒன் டிவிதான்டா புளுகுது!"

ரிமோட்டைப் பிடுங்கியதில் சாம்பார் கவிழ்ந்தது. என் கையில் லேசாகத்தான் பட்டது, பயப்படாதே.

அவரவர் கட்சிக்கு அவரவர் சேனல். ஊரில் கேட்போமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் வயல் வாய்க்காலில் இறங்கி நின்று ஒரு போட்டோ அனுப்பு. இவர்களுக்குக் காட்டமாட்டேன். வேலைக்கு வேன் வந்துவிட்டது.

தண்ணீர் வராவிட்டாலும் அனுப்பு. உன் முகம் தெரியவேண்டும்.

உன்
மணிவண்ணன்