இரண்டு விசில்

என் செல்லக் குட்டிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கமாக இந்த வரியை ஒப்புக்கு எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன், இந்த முறை நின்று நிதானமாக எழுதுகிறேன், நலம்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருக்கும் பெரிய மனுஷரும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் வடிந்ததா? உட்காரும்போது காலைத் தொங்கவிடாதே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நீட்டிக்கொள், மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் பிடித்துவிடச் சொல், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், கைக்குத்தானே வேலை. அன்றைக்கு போனில், பிரசவத்துக்கு வர அப்பாவுக்கும் சேர்த்து விமான டிக்கெட் போடட்டுமா இல்லை உனக்கு மட்டும் போடட்டுமா அம்மா என்று கேட்டாய், நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது தெரியும். ஆனால் போனில் சொன்னால் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு அப்படியில்லை இப்படி என்று திருத்திக்கொண்டே இருப்பார், கதை ஊர் போய்ச் சேராது. மாப்பிள்ளையின் சிநேகிதர் நாளைக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

விபத்துக்கு அப்புறம் அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை நான் சொல்லாமல் மறைத்தேன், வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எதைச் சொல்வது. நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த, அப்பா ஓட்டிய பஸ்ஸைப் பின்னாலிருந்து பிரேக் பிடிக்காத லாரி வந்து இடித்தது. நல்லவேளை, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. கையை ஒடித்துக்கொண்டவர், தலையில் தையல் போட்டவர் எல்லோரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத நம் அப்பாதான் எழுந்திருக்கவில்லை. வேலையை விட்டார், சரி, வயசும் ஆகிவிட்டது என்று பார்த்தால் எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஓட்டுவதற்கு இல்லையம்மா, உட்காருவதற்கே. கார் கதவைத் திறந்தால் போதும், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, முகம் சாம்பலாகிவிடும். எங்கே போனாலும் நடைதான். பெரியம்மா பையன் கல்யாணத்துக்கு நான் மட்டும் போனதற்கு அப்பாவுக்கு முதுகுவலி என்று உன்னிடம் சொன்னேனே, அந்த முதுகில் ஒரு வலியும் கிடையாது. தூக்கத்தில்கூட வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும், கட்டிலின் கால்மாட்டுப் பலகை ஆடிப்போய் தச்சரைக் கூப்பிட்டு ஆணி அடிக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஒரு சின்னப் பெண் கவுன்சலராக இருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும், பொறுமைசாலி. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையோடு அவளிடம் பேசப் பேச அப்பாவுக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது, என்னிடம் சண்டை போடும் தெம்புகூட வந்தது. வண்டி மட்டும் வரவில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு ஒரு வைத்தியம். நம் வீடியோ சித்தப்பாவைத்தான் தெரியுமே, காலையில் கண் விழிப்பதற்குள் ஏழெட்டு வீடியோ அனுப்பிவிடுவார். விரல் நுனியால் புருவத்திலும் மோவாயிலும் தோளெலும்பிலும் தட்டிக்கொண்டே இருந்தால் பயம் போய்விடும் என்று ஒன்று அனுப்பி, அது போதாதென்று தானே நேரில் வந்து அப்பாவின் முகத்தில் தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அப்பா, "டேய், நான் என்ன மிருதங்கமா?" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் பூங்காவில் சிரிப்புக் குழு. வட்டமாக நின்று காரணமே இல்லாமல் சிரிக்க வேண்டும். அப்பா கல்லாட்டம் நின்றார், அவர் நின்ற நிற்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் நிறுத்த முடியாமல் பெஞ்சில் போய் விழுந்தேன், மறுநாள் சிரிப்பு வாத்தியார் என்னை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். களிமண் வகுப்பு பரவாயில்லை. மனசில் இருப்பதைச் செய்யுங்கள் என்றார்கள், அப்பா ஒரு டயர் செய்தார், தரையைப் பிடிக்கிற பட்டன் வரிகூட அச்சு அசல். இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று அந்த ஆசிரியை இதமாகக் கேட்க, அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், மண்ணைப் பிசைந்த நாட்களில் அவர் கை நடுக்கம் குறைந்துதான் இருந்தது. கவுன்சலர் பெண்ணிடம் கேட்டதற்கு, எது பிடிக்கிறதோ செய்யட்டும், ஆனால் மாத்திரையையும் பேச்சையும் விட்டுவிட்டு எதற்கும் போகக் கூடாது என்று கறாராகச் சொன்னாள். அவளே குதிரையைப் பற்றியும் சொன்னாள்.

நீ சிரிக்காதே. நகரத்துக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணை, அதிர்ச்சிக்கு ஆளானவர்களை அங்கே குதிரையோடு பழக விடுகிறார்கள். சவாரி எல்லாம் கிடையாது, கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. நம் உடம்பில் இறுக்கம் இருந்தால் அது நகராதாம், இறுக்கம் தளர்ந்தால் தானாக நம்மோடு நடக்குமாம். அப்பா அங்கேயும் நடந்தேதான் வந்தார், நான் அவருக்கு முன்னால் ஆட்டோவில் போய்ச் சேர்ந்து வேலியோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கூடவே சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு தீயணைப்பு வீரர், பெரிய மீசை, அவருடைய குதிரை அவர் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி சுற்றியது. அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு வயசான பழுப்புக் குதிரை. இவர் நின்றார், அதுவும் நின்றது. வெயில் ஏறியது, இரண்டு பேரும் நின்றார்கள். குதிரை டீச்சர் என்னிடம் வந்து, "ஒண்ணும் பேசாதீங்கம்மா, அவரா நகரட்டும்" என்று கிசுகிசுத்தார். சரி என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அப்பா தலையைக் கொஞ்சம் வலது பக்கமாக உயர்த்தி, இல்லாத பஸ் கண்ணாடியில் எதையோ பார்த்தார். பிறகு காதை லேசாகப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றார். குட்டி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிடரியைப் பின்னாலிருந்து பார்த்தவள் நான். அவர் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்துதானே அவரைக் கட்டிக்கொண்டேன். அந்தக் காது எதற்குச் சாயும் என்று எனக்குத் தெரியாதா? சொன்னால் நம்ப மாட்டாய், நான் யோசிக்கவே இல்லை, சாவிக்கொத்தில் தொங்கிய என் பழைய விசில் எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது, போலாம் ரைட் என்று இரண்டு தரம் ஊதிவிட்டேன்.

அப்பா புறப்பட்டுவிட்டார். ஒரு தயக்கம் இல்லை, தோள் இறங்கியது, கால் எடுத்து வைத்தார், பழுப்புக் குதிரையும் அவரோடு சீராக நடந்தது. அது நடந்தது சரி, லாயத்தில் இருந்தவை எல்லாம் மிரண்டு கனைக்க, தீயணைப்பு வீரரின் குதிரை அவரை இழுத்துக்கொண்டு நேரே வைக்கோல் போருக்குள் பாய்ந்துவிட்டது, மீசையில் வைக்கோலோடு மனுஷர் எழுந்து வந்தார். டீச்சருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இது என்ன குதிரைப் பண்ணையா பஸ் ஸ்டாண்டா, யாரும்மா நீங்க?" என்று கத்தினார். நான் பயத்தில், "இவரோட கண்டக்டர்" என்றேன். அதற்குள் அப்பா மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார், நிறுத்தும் வழியாகத் தெரியவில்லை, டீச்சர் முறைக்க முறைக்க நான் இன்னொரு விசில், ஒற்றை விசில் கொடுத்தேன், வாசல் கேட்டுக்கு நேராகக் கச்சிதமாக நின்றார், ஆட்கள் இறங்க வசதியாக. நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனால், அவர் குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருக்கிறார். நம் அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா, நான் பார்த்ததில்லை. "அன்னைக்கு ஆளுங்க ஏறிட்டிருந்தாங்க, நான் பிரேக்குல கால வச்சிட்டு விசிலுக்காகக் காத்திட்டிருந்தேன், அதுக்குள்ள இடிச்சிட்டான். அந்த ரெண்டு விசில் வரவே இல்ல. நான் இன்னும் அந்த ஸ்டாப்புலயேதான் நிக்கறேன்" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, டீச்சர் திட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கவுன்சலர் பெண்ணிடம் இதைச் சொன்னபோது எப்படி ஊதினீர்கள் என்று கேட்டாள், நான் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஊதிக் காட்டினேன், வெளியே காத்திருந்தவர்கள் டாக்டர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றுவிட்டார்களாம். அவள் சிரித்து முடித்துவிட்டு, "அவர் மனசுக்குப் புரிஞ்சிருச்சு அம்மா, பஸ் அன்னைக்கே காலி ஆயிருச்சு, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு. உடம்புக்கு யாரும் சொல்லல. மெதுவா சொல்லலாம்" என்றாள். மந்திரம் மாதிரி நினைக்காதீர்கள், ஏறி இறங்கித்தான் வரும் என்றும் எச்சரித்தாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் காரைக் கொடுத்தார், அவரே ஓட்டுநர். முதலில் நின்ற காரில் கதவைத் திறந்துவைத்து அப்பா சும்மா உட்கார்ந்தார். அப்புறம் கதவை மூடி. அப்புறம் இன்ஜினைப் போட்டு. பிறகு நான் பின்சீட்டிலிருந்து இரண்டு விசில், கார் எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை நகரும், ஒரு விசில், நிற்கும். தெரு முழுக்க ஜன்னலில் தலைகள். பல் டாக்டர் சொன்னபடி கேட்பார் பாவம், விசில் வராமல் நகரவே மாட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒருநாள் எங்கேயோ ஒரு டயர் வெடித்தது, அப்பா ஓடும் காரிலேயே கதவைத் திறக்கப் பார்த்து, நிறுத்தியதும் இறங்கி விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. நான் சமையலறையில் போய் அழுதேன், பிரசவத்துக்கு நான் ஒருத்தியாகத்தான் போகப் போகிறேன் என்றே முடிவு செய்துவிட்டேன், உன்னிடம் போனில் பால் பொங்குகிறது என்றது அந்த நாளில்தான். அதற்கு மறுநாள் காலை அவராகவே வந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்து, "வா, டாக்டர் காத்திட்டிருப்பாரு" என்றார்.

அப்புறம் கடைத்தெரு வரை, ஆஸ்பத்திரி வரை, ஆற்றுப் பாலம் தாண்டி என்று போனோம். எல்லாம் விசிலோடுதான். எனக்கு இருந்த ஒரே கவலை விமானம். அங்கே நான் விசில் ஊதினால் அப்பாவை ஏற்றிக்கொண்டு என்னை இறக்கிவிடுவார்களே. அதனால் நேற்று பஸ்ஸில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம், அப்பா ஓட்டிய அதே தடம். இப்போது அதில் கண்டக்டரே இல்லாத பஸ் விட்டிருக்கிறார்கள், ஏறும்போது ஒரு பெட்டியில் அட்டையைக் காட்டினால் கீச்சென்கிறது, அதுதான் டிக்கெட்டாம், அதெல்லாம் ஒரு பஸ்ஸா. அப்பா ஜன்னலோரம், நான் நடுவழிப் பக்கம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் கையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாக இரண்டு விசில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த நிறுத்தம் வந்தது. இடித்த இடம். விசிலை வாயில் வைத்துத் தயாராக இருந்தேன். அப்போது உன்னை மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறினாள். அப்பா சட்டென்று எழுந்து என்னைத் தாண்டி வெளியே வந்து, அவளுக்கு இடம் கொடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை மாசம் என்று விசாரித்து, "எம் பொண்ணுக்கும் இதே மாசந்தான்" என்று ஆரம்பித்துவிட்டார். பஸ் கிளம்பியது. நான் ஊதவில்லை. அவர் நின்றபடியே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் காலைத் தொங்கவிடாதேம்மா என்று உனக்கு நான் சொன்ன அதே புத்திமதியைச் சொல்லிக்கொண்டு வருகிறார். அடுத்த நிறுத்தமும் போயிற்று. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "எதுக்கு அத வாயில வச்சிட்டு உக்காந்திருக்க, எடு கீழ, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

ஆகவே இரண்டு டிக்கெட் போடு. இன்னும் சில நாள் கெட்ட நாளாக இருக்கும், கவுன்சலர் பெண் சொல்லித்தான் இருக்கிறாள், அதற்கு மாத்திரையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். சித்தப்பா இதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பப் போகிறேன் என்கிறார், இது உங்க அண்ணனுக்குப் பொருந்தின சட்டை, ஊருக்கெல்லாம் மாட்டிவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ கனமான எதையும் தூக்காதே, ஈரத் தரையில் பார்த்து நட, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே, என்னைப் போல ஆகிவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், என் கண்ணே. உள்ளே இருப்பவரிடம் பாட்டி சொன்னாள் என்று சொல், நிறுத்தம் வருவதற்கு முன்னால் யாரும் இறங்கக் கூடாது, தாத்தா வருகிறார்.

என்றும் உன் அம்மா,
அன்றும் இன்றும் கண்டக்டர்.

குட்டி, அம்மா எழுதியதைப் படித்தேன். குதிரை ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று. எனக்கு ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் போடு. அப்பா.