வளர்ந்தால் நல்லதா?

நவம்பர் 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து நசநசவென்று தூறல். சைக்கிள் செயின் முழுக்கச் சேறு. மைன்ஸுக்கு லீவு சொல்லியாயிற்று. மகள் செல்வி ஆஸ்பத்திரியில். தொடையில் கட்டி. அறுத்துச் சீழ் எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை.

இன்று ரத்தம் எடுத்துச் சின்னப் பாட்டிலில் விட்டார்கள். நாலு வயசுப் பிள்ளை, கத்தக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டாக்டரம்மா: "ரத்தத்துல கிருமி கலந்திருக்கான்னு பார்க்கணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

பார்க்க எதற்கு அத்தனை நாள்? கேட்கவில்லை. மடையன் நான்.

கொண்டு வர வேண்டியது: பிரெட், பெண்டாட்டி தனத்துக்கு மாற்றுப் புடவை (குவார்ட்டர்ஸில் கொடியில்).

நவம்பர் 10, வியாழன்

மழை விட்டபாடில்லை. வேளைக்கு வேளை பென்சிலின் ஊசி. உடம்பு அனல்.

மத்தியானம் நர்ஸ், கேரளத்துப் பெண், வந்து: "ரிசல்ட் வந்தூ. குரோத் உண்டு. டாக்டர் வரட்டே."

குரோத் என்றால் வளர்ச்சி. அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா? தனத்திடம் ஓடினேன். "புள்ளைக்கு வளர்ச்சி இருக்குதாம்டி!" முந்தாநாளிலிருந்து பச்சைத் தண்ணீரோடு கிடந்தவள் அப்போதுதான் சோறு தின்றாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு என் செலவில் டீ வேறு.

சாயந்திரம் டாக்டரம்மா: "வளர்ந்தது கிருமிங்க. பொண்ணு ரத்தத்துல இருந்து பாட்டில்ல பெருகியிருக்கு."

ஐயோ.

உடனே இன்னொன்று: "வளர்ந்ததும் ஒரு வகையில நல்லதுதான். எந்த மருந்துக்குச் சாவும்னு தெரிஞ்சுபோச்சு. பென்சிலின் கேக்கலை, மாத்தறோம்."

கெட்டதா, நல்லதா? ஒரே வாயால் இரண்டும். ஒன்றும் விளங்கவில்லை.

தனம்: "அப்ப என்னை எதுக்குய்யா துன்ன வெச்ச?"

நவம்பர் 12, சனி

வெயில், கொஞ்சம். புது ஊசி கடலூரிலிருந்து நேற்றே வந்துவிட்டது. காய்ச்சல் குறைவு. "அப்பா, பன்னு" என்றாள். பாதி தின்றாள். மறுபடி தூக்கம். நல்ல தூக்கமா, மயக்கமா? தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா: "இந்தத் தடவ ஒண்ணும் வளரக் கூடாது. வேண்டிக்குங்க."

தனம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது.

"வேண்டிக்கினியா?"

"புள்ள பேரச் சொல்லி, வளரக் கூடாதுன்னு எப்படிய்யா கேக்கறது? பேர மட்டும் சொல்லிகினே நின்னுட்டு வந்துட்டேன்."