அரையாண்டு விடுமுறையில் பாதி

திருவாடானை
மார்கழி 4, வெள்ளிக்கிழமை

கோகிலாவுக்கு,

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி முடியாது. இதைப் போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன். ஏன் முடியவில்லை என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. உன் அண்ணன் வேல்ராஜிடம் காட்டினாலும் காட்டு. ஆனால் முதலில் நீ படி.

இங்கே நான் நலம். மழை இந்த முறை ஏமாற்றவில்லை, நெல் கதிர் வாங்கிவிட்டது. அடுத்த வரியில் நீ நலமா என்று கேட்பது வழக்கம். நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நீ நலமா?

திங்கட்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பள்ளிக்கு எத்தனை நாள் விடுமுறை விட்டாலும் ராக்குவை இரண்டு நாளுக்கு மேல் அனுப்ப முடியாது, என்னிடம் வந்து போனபிறகு பிள்ளை பிள்ளையாக இல்லை என்று எழுதியிருந்தாய். அதில்கூட அவளை ரக்ஷிதா என்றுதான் எழுதியிருக்கிறாய். என் அம்மாவின் பெயரை வைத்தால் கோயம்புத்தூரில் பிள்ளைகள் கேலி செய்யும் என்று நீயும் வேல்ராஜும் சேர்ந்து மாற்றிய பெயர். அதை நான் மறக்கவில்லை. எதையும் மறக்கவில்லை.

இந்த வருடம் பன்னிரண்டு நாள் விடுமுறை என்று அறிவித்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு. ஒன்பது நாளே அதிகம், வீட்டில் போட்டு அடைத்து வைக்க முடியாது என்று பெற்றோர் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் படித்ததை மறந்துவிடும் என்றார் இன்னொருவர். கணக்கு எடுக்கும் ஹமீது சுல்தான், உனக்குத் தெரியும், என்னைவிடப் பத்து வயது சிறியவர், "லீவு நீளமாப் போச்சுன்னு அழுகுறவன் வீட்டுலதேன் பிள்ளை முழுசா இருக்கும் சார், பாதிப் பிள்ளைக்காரன் அழுகவா செய்வான்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே அதற்குள் கணக்குப் போட்டாகிவிட்டது. பன்னிரண்டில் பாதி ஆறு.

போன வருடம் ஒன்பது நாள். பாதி நாலரை. அந்த அரை நாள் காலையா மாலையா என்று உன் வக்கீலும் என் வக்கீலும் இருபது நிமிடம் மோதிக்கொண்டது நினைவிருக்கும். நீதிபதி தலையைக்கூடத் தூக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி என்று எழுதிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். இருபத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவன் நான். பேரரசுகளைப் பங்கு வைத்ததைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் விடுமுறையைப் பங்கு வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் அவளை என்னிடம் விட்டாய். பன்னிரண்டு நாற்பது. நாற்பது நிமிடம் தாமதம். இரண்டு நாள் கழித்து அமாவாசை. சோமவார அமாவாசை வேறு. அய்யாவுக்கும் அம்மாவுக்கும் தண்ணீர் விட ராமேஸ்வரம் போனேன். ராக்குவை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை, கூட்டிப் போனேன். பாம்பன் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது உன் செய்தி வந்தது. ஒன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வேல்ராஜ் கோர்ட்டில் மனு போடுவான் என்று எழுதியிருந்தாய். நாற்பது நிமிடத்தைத் தின்றவள் எனக்கு ஒரு நிமிடத்துக்குச் சட்டம் சொல்கிறாள் என்று எனக்குக் கொதித்தது. அந்தக் கொதிப்போடுதான் அக்னி தீர்த்தத்தில் இறங்கினேன்.

இனி எழுதப்போவதைத்தான் ஒரு வருடமாக மறைத்தேன்.

கரையில் ஈரத்துணியோடு பத்து இருபது பேரை வரிசையாக உட்கார வைத்து, புரோகிதர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். என் அய்யா பெயர், அவர் அய்யா பெயர், அம்மா வழி, எல்லாம் முடிந்தது. எள்ளும் தண்ணீரும் விட்டேன். எழுந்திருக்கும் நேரத்தில் அவர் எல்லோரிடமும் கேட்பதுபோல் என்னிடமும் கேட்டார், "வேற யாரும் உண்டா? ஒறவு, சிநேகிதம், யாரா இருந்தாலும் சொல்லுங்க."

கோகிலா என்று சொன்னேன்.

என்ன உறவு என்றார். சம்சாரம் என்றேன். இறந்த தேதி கேட்டார். நம் விவாகரத்துத் தீர்ப்பு வந்த தேதியைச் சொன்னேன். அந்த நொடியில் அது எனக்கு ஒரு நல்ல பதிலாகப் பட்டது. ஆத்திரம் வந்தால் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்கிறோமே, அதைச் செய்து காட்டியதுபோல் ஒரு திருப்தி. புரோகிதர் எனக்குப் பின்னால் என் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ராக்குவைப் பார்த்தார். அவர் குரல் இளகிவிட்டது. "புள்ளையும் ஒரு கை விடட்டும்" என்றார். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளங்கையில் எள்ளை வைத்து, "அம்மாவ நெனச்சுக்க பாப்பா" என்றார்.

ராக்கு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவள் விரலைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள்.

தாய் தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளை எள்ளைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். எம்.ஏ., எம்.ஃபில். படித்த எனக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அம்மாவுக்கு எப்ப அப்படி ஆச்சு என்றாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிரவே சொல்லியிருக்கலாம், மறுநாளும் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன்னிடம் வந்து சொல்வாள், நீ வேல்ராஜிடம் சொல்வாய், எனக்கிருக்கும் நாலரை நாளும் போய்விடும். அந்தப் பயத்தில் விட்டுவிட்டேன். ஒன்றாம் தேதி மாலை ஆரப்பாளையத்தில் நீ கையை நீட்டியபோது அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாளே, நான் அவளுக்கு ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டதாக அங்கேயே கத்தினாயே. அவள் அப்போது என் காதில் கேட்டது இதுதான்: "அய்யா, அம்மா எப்படி வந்தாங்க?"

அதன்பிறகு நடந்தது உன் வீட்டில் நடந்தது. அமாவாசை தோறும் பால்கனிக் கம்பியில் சோற்றை வைத்து, அம்மா வா, அம்மா வா என்று காக்கையைக் கூப்பிடுகிறாள், நீ பின்னாலேயே நின்றாலும் உன்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சித்திரையில் எழுதியிருந்தாய். காலண்டரில் கறுப்பு வட்டத்தைப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்கிறாள் என்றாய். என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று என்னைக் கேட்டாய். உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கேள் என்று பதில் அனுப்பினேன். அது பொய்.

ஆனியில் போன் செய்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். நீ மறந்திருப்பாய். "இப்பல்லாம் பசியே எடுக்க மாட்டேங்குது. சாப்பிடாமலே வயிறு நெறஞ்சு கெடக்கு. டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறாரு" என்றாய். எப்போதிருந்து என்று கேட்டேன். முதலில் மாதத்தில் ஒரு நாள் அப்படி இருந்தது, இப்போது வாரக் கணக்கில் போகிறது, சுடிதார் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது என்றாய். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன்.

ஆடி அமாவாசைக்கு அந்தப் புரோகிதரைத் தேடிப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆயிரம் பேரில் ஒருவன். தெரியாமல் உயிரோடிருக்கும் ஒருத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன், மாற்று உண்டா என்றேன். அவர் தர்ப்பையைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாம எப்படிங்க விடுவீங்க" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். "அந்தம்மா உசிரோட இருந்தா, அது அவங்களுக்குப் போயிருக்காது. ஆனா விட்டது விட்டதுதான். யாரோ கையேந்தி வாங்கியிருக்காங்க. ஒருதரம் வாங்கினவங்க மறுபடியும் எதிர்பார்ப்பாங்க இல்ல?" மாற்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் ராக்குவிடம் பேசினேன். அம்மா என்ன செய்கிறாள் என்றேன். "அம்மா மாதிரியே இருக்காங்க அய்யா. தோசைகூட அம்மா மாதிரியே சுடுறாங்க. ஆனா அவங்க சாப்பிடவே மாட்டாங்க" என்றாள். பயந்த குரலாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

கார்த்திகையிலிருந்து உன் குரல் எனக்குக் கேட்கவில்லை, கோகிலா. கூப்பிட்டால் எடுக்கிறாய். மின்விசிறி ஓடும் சத்தம் வருகிறது, தெருவில் காய்கறிக்காரன் கூவுவது வருகிறது, உன் பேச்சு மட்டும் வருவதில்லை. சிக்னல் கோளாறு என்று மூன்று முறை சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று மத்தியானம் நான்காவது முறை. இன்றும் அமாவாசை. ராக்குவுக்குக் காலையில் பரீட்சை முடிந்து வீட்டில்தான் இருப்பாள் என்று தெரியும். மணி அடித்தது, எடுத்த சத்தம் கேட்டது, குக்கர் இரண்டு விசில் ஊதியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ராக்கு வந்து பேசினாள். "போன் அதுவா எடுத்துக்கிச்சு அய்யா. இங்க யாரும் இல்ல, நான் மட்டுந்தேன்."

அடுப்பில் குக்கரை வைத்தது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காக்கைக்குச் சோறு வைத்தாயா என்று மட்டும் கேட்டேன். வைத்துவிட்டாளாம். உடனே வந்து எடுத்துவிட்டதாம்.

பள்ளிக்குத் திரும்பிப் போய் ஹமீது சுல்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லும் அளவுக்கு நான் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டு, "ஆறு நாளா, ரெண்டு நாளான்னு இன்னும் எண்ணிக்கிட்டா இருக்கீக?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அதனால் சொல்கிறேன். ஆறு நாளும் வேண்டாம், நீ தருவதாகச் சொன்ன இரண்டு நாளும் வேண்டாம். பன்னிரண்டு நாளும் ராக்கு உன்னோடு இருக்கட்டும். பள்ளி, பரீட்சை, உன் வேலை எதுவும் இடையில் இல்லாமல் அவள் உன்னைக் காலையிலிருந்து இரவு வரை பார்க்கவேண்டும். குடும்பத்துக்கு எத்தனை நாள் விடுமுறை வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்களே, எனக்குத் தெரிந்த வரையில் ஒரு பிள்ளை தன் தாய் உயிரோடிருக்கிறாள் என்று மறுபடி நம்புவதற்கு எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள். பன்னிரண்டு போதுமா என்று தெரியவில்லை. போதாவிட்டால் பொங்கல் விடுமுறையையும் எடுத்துக்கொள். கோடை விடுமுறையில் என் பங்கையும் எடுத்துக்கொள்.

அவள் பிசைகிற சோறு இனி பால்கனிக்குப் போகவேண்டாம். உன் வாய்க்கு வரட்டும். ஒவ்வொரு வேளையும் முதல் கவளம் அவள் கையால் நீ வாங்கு. பசியில்லை என்று சொல்லாதே. கஷ்டப்பட்டாவது மென்று அவள் பார்க்க விழுங்கு. அவள் மறுப்பாள், பயப்படுவாள், விடாதே. அவள் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு உன் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்கச் சொல். அய்யா அன்றைக்குப் பொய் சொன்னார் என்று சொல். அய்யா கெட்டவர் என்றுகூடச் சொல், நான் மறுக்கமாட்டேன். உன்மேல் எனக்குள்ள கோபம் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கோபத்தைக் கேட்க நீ இருக்கவேண்டும். நன்றாக இரு. நீண்ட நாள் இரு.

தபால் நிலையத்தில் விரைவுத் தபால் ஜன்னல் வரை போனேன். அனுப்புநர் பெயரும் விலாசமும் எழுதாமல் வாங்கமாட்டோம் என்றார்கள். உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சாதாரண ஸ்டாம்பு ஒட்டி, நின்றபடியே இந்த வரிகளைச் சேர்க்கிறேன். விலாசத்தில் ஆள் இல்லை என்றால் தபால்காரர் அப்படி எழுதி அனுப்பியவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு கடிதம் என் வாசலுக்கு வந்தால் அதைக் கையில் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் உறையில் என் பெயர் இல்லை, இங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. இப்படியே பெட்டியில் போடுகிறேன். இது போய்ச் சேரலாம். திரும்பி வர மட்டும் வழியில்லை.