இருபத்தொன்றாவது தட்டு

சாரம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அபிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய பிரஷரும் சௌக்கியம். அங்கே பிரான்ஸில், லியோனில் நீயும் குளிருக்குப் பழகி, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் பேனாவை எடுத்தேன், முழுசாகப் படி.

நான் எம்.பி.ஏ. சேர்ந்த கதை உனக்குத் தெரியும். நம்மூர் மேட்டுப்பாளையம் அட்டைப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனை இத்தனை வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன், ஆனால் மேனேஜர் நாற்காலிக்கு மட்டும் பட்டம் வேண்டுமாம். வந்த கோபத்தில் அஞ்சல் வழியில் சேர்ந்துவிட்டேன். முதல் ஞாயிறு வகுப்பில் நான் நுழைந்ததும் பாடம் நடத்திய பையன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து நின்றுவிட்டான். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் எனக்கே எனக்கென்று ஒரு வேலை இருப்பதுபோல அவ்வளவு சந்தோஷம். வீட்டில் நான் உரக்கப் படிப்பேன், அப்பா எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவார். படித்ததெல்லாம் எனக்கு மறந்தது, அவருக்கு மனப்பாடம் ஆனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அரியாங்குப்பத்தில் உன் ஆதிலட்சுமி அத்தை, மகளின் மஞ்சள் நீராட்டு விழாவை என் கணக்கியல் பரீட்சை நடக்கும் அதே ஞாயிறு காலையில் வைத்துவிட்டாள். தாய்மாமன் சீர் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், முதல் தட்டு நான்தான் எடுக்க வேண்டும். எனக்கு அம்மாவும் கெடையாது, நீங்களும் வரலன்னா யாரு முன்னால நிப்பாங்க அண்ணி என்று போனிலேயே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்ட பேப்பர் அது, பட்டத்துக்குப் பாக்கியும் அது ஒன்றுதான், மறுபடியும் போனால் வெளியாளை மேனேஜராக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்பாதான் நீ போய் எழுது, சீர நான் பாத்துக்கறேன், வேலைய பிரிச்சுக் குடுக்கறதுதான் டெலிகேஷன்னு நீதான படிச்ச என்றார்.

முதல் நாளே இருபத்தொரு தட்டு அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் சும்மா இருந்தாரா? வளையலும் பூவும் ஒரே தட்டில் அடங்குமே, ரெண்டு தட்டு வீண்தானே என்று சேர்த்துவிட்டார். மேளத்தோடு அத்தை வீட்டுத் தெருமுனைக்குப் போன பிறகு கன்னியம்மாள் சித்தி எண்ணிப் பார்த்தால் இருபது! சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டாமா? பிரித்து வைக்கலாம் என்றால் மிச்சத் தட்டு சாரத்தில் இருக்கிறது. பதறிப்போய் எதிரே இருந்த பேக்கரியில் நுழைந்த அப்பா, யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராத கேக்கை அட்டையோடு தூக்கிவந்து, அதையே முதல் தட்டாக ஏந்திக்கொண்டு நடந்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் ‘ஹேப்பி பர்த்டே வினோத்குமார்’. வயசுக்கு வந்த பெண்ணின் சபையில்! யாரும்மா அந்தப் பையன், இன்னா படிச்சிருக்கான் என்று அத்தையின் நாத்தனார் சபை நடுவே கேட்டிருக்கிறாள்.

ஹால் டிக்கெட்டும் கையுமாக நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. அத்தை எனக்கு இலை போட்டுப் பரிமாறினாள். பாஸானா பேசறேன், இல்லன்னா இத்தோட சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் இல்லை, வரத்தும் இல்லை. பரீட்சையை விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீயும் இல்லாத ஊரில் மனம்விட்டுப் பேச அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ், அபி! தள்ளாடித்தான், ஆனாலும் பாஸ். மேனேஜர் வேலையும் எனக்குத்தான் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். அப்பா அத்தைக்கும் சொல்லியிருக்கிறார், சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. அத்தை இறங்கினாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு. நேராக வந்து அதை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே கேக். மேலே ‘வாழ்த்துக்கள் வினோத்குமார் எம்.பி.ஏ.’ என்று எழுதியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டோம். அப்பா மட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, ஒற்றைப்படையில் வெட்டட்டுமா என்று கேட்டார்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. காதை மூடாமல் வெளியே போகாதே. மறக்காமல் அத்தைக்குப் போன் செய், கேக் விஷயத்தை நீயாக எடுக்காதே, அவளே எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாலா என்கிற வினோத்குமார், எம்.பி.ஏ.